நான் ‘இல்லை’ என்று நிரப்பிய கட்டம்

என் செல்ல அப்பாவுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். நேற்று சித்தப்பாவும் நானும் உங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்தோம். உங்கள் பெயருக்குக் கறுப்புச் சாயம் நான்தான் பூசினேன். ஓர் எழுத்து கோணிவிட்டது. திட்டாதீர்கள்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

போன வருஷம் லாரி டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் நடந்ததே, நினைவிருக்கிறதா? என் கையெழுத்து நன்றாக இருக்குமென்று படிவத்தை என்னிடம் தந்தீர்கள். ‘குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா?’ என்று வாசித்தேன்.

“இல்லன்னு போடுளா. சங்கு குளிச்ச வம்சம் நாம. நம்ம ரத்தத்துல ஓடுறது உப்புத் தண்ணி. அதுல சக்கரை எங்கன வரும்?”

சிரித்துக்கொண்டே போட்டேன். அடுத்தது, ‘அடிக்கடி தாகம் எடுக்கிறதா?’ அன்று விடிந்ததிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீரைக் காலி செய்திருந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

“டிரெய்லர் லாரிக்குள்ள அடுப்பு மாதிரி கொதிக்கு. யாருக்குத்தான் தாகம் எடுக்காது? அதுக்கும் இல்லன்னு போடு.”

போட்டேன். ‘ஆம்’ என்று இருந்தவர்களை மட்டும் ரத்தம் எடுக்க அனுப்பினார்கள். நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். நான் கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தால்?

சில மாதத்தில் உங்கள் குதிகாலில் ஒரு புண் வந்தது; சர்க்கரையில் கால் மரத்திருந்ததால் வலிக்கவே இல்லை. பூட்ஸுக்குள் அது அழுகியதும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் “எத்தனை வருஷமா சுகர்?” என்று கேட்டபோது அம்மா, “இவுகளுக்குச் சுகரே கெடையாது சார்” என்றாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை அவள் பக்கம் திருப்பினார். புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி, ஐந்தாம் நாள் உங்களைப் பெட்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இந்த வருஷம் மரபணு பாடம் வந்தது. வகுப்பு முடிந்ததும் டீச்சரைப் பிடித்துக் கேட்டேன். மரபணு எழுத்துகளில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டாம். இந்த நோயோடு தொடர்புள்ளவை மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவாம். அபூர்வமானவை இல்லை அப்பா, நம் தெருவில் வீட்டுக்கு வீடு இருக்கும். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும்.

உங்கள் லாரியை வைத்துச் சொல்கிறேன். ஒரு மூட்டை ஏறினால் ஒன்றும் ஆகாது. பல மூட்டை ஏறி, அதற்குமேல் நாள் முழுக்க லாரியில் உட்கார்ந்தே இருந்ததும், துறைமுக வரிசையில் குடித்த சீனி டீயும் ஏறினால்? உங்கள் உடம்பில் எத்தனை மூட்டை இருந்தது என்று யாருக்குத் தெரியும்? யாரும் பார்க்கவில்லையே.

நேற்று சாயம் காயும்வரை பக்கத்துக் கல்லறைகளை வாசித்தேன். தாத்தா, முப்பத்துநாலு வயது, சங்கு குளிக்கப் போய். பெரிய தாத்தா, முப்பத்தொன்று, வள்ளம் கவிழ்ந்து. அப்பா, நம் வம்சத்து ஆண்களில் நாற்பதைத் தாண்டிய முதல் ஆளே நீங்கள்தான். சர்க்கரை வருகிற வயதுவரை அவர்களைக் கடல் விடவில்லை. அவர்களுக்கு யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? தெரியாது என்பதைத்தான் நாம் ‘இல்லை’ என்று எழுதினோம்.

திரும்பிப் பார்த்தால், சித்தப்பா தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்துகொண்டிருந்தார்.

“சித்தப்பா, நீங்க ரத்தம் பாத்தீங்களா?”

“எனக்கு எதுக்குளா? நம்ம வம்சத்துல…” என்று தொடங்கியவர் உங்கள் பெயரைப் பார்த்தார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

இன்று காலை அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். “கண்டெய்னரே ஏத்திருவேன், ஊசின்னா ஆகாது” என்று வழியெல்லாம் புலம்பல். படிவம் மறுபடி என் கைக்கு வந்தது. அதே கேள்வி. ‘ஆம்’ என்று எழுதினேன். உறவுமுறை என்ற கட்டத்தில் ‘அண்ணன்’ என்று எழுத வேண்டியிருந்தது. பாதியில் கை நின்றுவிட்டது. “எழுதுளா” என்றார் சித்தப்பா, அழுதுகொண்டே.

முடிவு சாயங்காலம் தெரியும். உங்கள் மூட்டைகளில் ஏறக்குறைய பாதி என்னிடமும் இருக்கும், தம்பியிடமும் இருக்கும். அவற்றை இறக்க முடியாது, மேலே ஏற்றுவதைக் குறைக்கலாம் என்றார் டீச்சர். குறைப்போம் அப்பா. தாகமா என்று இனி யார் கேட்டாலும், இந்த வீட்டில் உண்மையைத்தான் எழுதுவேன்.

அன்று உங்கள் முகத்தைப் பார்த்தும் ‘இல்லை’ என்று போட்ட
உங்கள் மூத்த மகள்,
ஜெனிட்டா