தப்பைக் கண்டவருக்கு ஒரு மாத்தே

மொந்தேவிதேயோ,
ஆகஸ்ட் 12

என் செல்ல மகள் ஃபியோரெல்லாவுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம், என் முழங்கால் வலி என்னைவிடச் சுகம். நார்வேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். இங்கே ஓயாத மழை, மழை வந்தால் மாவைத் தட்டி தோர்தா ஃப்ரிதா பொரிக்காமல் இருக்க முடியுமா, ஒரு தட்டு பொரித்துவிட்டுத் தின்ன ஆளில்லாமல் பாதியை மேல்வீட்டு நெல்சிக்குக் கொடுத்தேன்.

நேற்று கிளாடிஸ் வந்தாள். அப்பாவிடம் படித்தவள் இப்போது கணிதத் துறைக்கே தலைவி, ஆனாலும் படியேறும்போது அதே தடதடப்புதான். அக்டோபரில் அப்பா நினைவாக நடக்கும் பயிலரங்கில் பேசச் சொல்லி உனக்கு எழுதினாளாம், பதிலே இல்லையாம், அடுத்த மாதக் கடைசியில் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகிறதாம். காரணம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "அப்பாவோட கடைசி நிரூபணத்துல ஓட்டை இருக்கும்மா, அவரைக் கொண்டாடற கூட்டத்துல நானே எழுந்து நின்னு அதை எப்படிச் சொல்வேன்" என்று போனில் அழுதாயே, அன்றிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை.

அந்த வியாழக்கிழமைக் கருத்தரங்குகளை நினைத்துப் பார். அக்குளில் வெந்நீர் பிளாஸ்க், ஒரு கையில் மாத்தே இலைச் சாறு ஊறும் குடுக்கை, மறுகையில் சாக்பீஸ் என்று உன் அப்பா பலகைமுன் நிற்பார். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது, கடைசி வரிசையில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கிளாடிஸ் எழுந்து, "சார், அந்த எண் பூஜ்யமா இருந்தா வகுக்க முடியாதே" என்றாள். அப்பா பலகையில் எழுதியிருந்த மொத்தத்தையும் அழித்தார், பிறகு மாத்தே ஊற்றித் தானே நடந்துபோய் அவளிடம் நீட்டினார். "குடி ராட்சசி, ஆறு மாச உழைப்பைக் கவுத்துட்டியே" என்றார், அரங்கமே சிரித்தது. தப்பைக் கண்டுபிடித்தவருக்குப் பேசியவர் கையால் மாத்தே என்ற வழக்கம் அன்றுதான் பிறந்தது. வீட்டுக்கு வந்து அவர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது வேறு கதை.

அதைப் பார்த்த நாளிலிருந்து உனக்கும் அந்த மாத்தே வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் அவர் தாள்களைப் பரப்பிவைத்துத் தப்புத் தேடுவாய், கிடைக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்குவாய். "தேடுடி, தேடு, கிடைக்காமலா போயிடும்" என்பார். இப்போது கிடைத்துவிட்டது, ஊற்றித்தர அவர்தான் இல்லை. எனக்கு அழுகை வருகிறது, ஆனாலும் சொல்கிறேன், மறைத்தால்தான் அவருக்கு அவமானம். கிளாடிஸுக்கு இன்றைக்கே பதில் எழுது.

கடவுள் உன் பக்கம் நிற்கட்டும், குரல் நடுங்காமல் வரட்டும். கம்பளிக் கோட்டை மறக்காதே, அக்டோபரிலும் கடற்காற்று குத்தும். அப்பா போனபிறகு தொடாமலே வைத்திருந்த அவர் குடுக்கை காய்ந்து கிடக்கிறது, மறுபடி பதப்படட்டும் என்று நேற்று ஈர இலை நிரப்பி ஊறப்போட்டிருக்கிறேன். நீ பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வருவேன், இந்த முழங்காலோடு மெதுவாகத்தான் வருவேன், நீ அங்கேயே நில்.

உன் அம்மா,
மிர்த்தா