நின்ற இடத்திலேயே

பிப்ரவரி 9, திங்கள். ஸ்ரீரங்கம், லாட்ஜ் அறை.

முப்பதாவது கல்யாண நாள். சுமதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று தெரிகிறது.

கல்யாணமான புதிதில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்தோம். அன்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். பிரிந்துவிட்டால் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. அதன் பிறகு எத்தனையோ கோயிலும் கோட்டையும் பார்த்தாயிற்று. அந்த விதிக்குத் தேவை வரவில்லை. இன்று வந்தது.

சேஷராயர் மண்டபத்தில் கல்குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசாதம் வாங்கப் போனவளுக்குக் கூட்டத்தில் திரும்பி வர வழி தெரியவில்லை. இரண்டு செல்போனையும் வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தோம். நான் குதிரையடியில் நின்றேன். அவள் கருட மண்டபத்தில் நின்றிருக்கிறாள். ஒன்றரை மணி நேரம்.

கடைசியில் அவள்தான் வழி விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"நின்ன இடத்துலயே நிக்கணும்னுதானே பேசியிருந்தோம்," என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"நானும் நின்னேங்க. நீங்க தேடி வரமாட்டீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் கிளம்பினேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். ஆறிப்போன பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். தேட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. விதி சௌகரியமாக இருந்தது.

நாளை கங்கைகொண்ட சோழபுரம். அங்கே தொலைய வழியில்லை, எல்லாம் திறந்தவெளி. அவள் எட்டப் போய் நின்றால், நான் நகர்ந்து அவளிடம் போகிறேனா என்று அங்கிருந்தே அவளுக்குத் தெரியும்.