பெட்டியில் மாத்திரை இல்லை

திருப்பாலைக்குடி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு மாஷிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நம் மகள் சூஃபியா நலம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

போனில் மாத்திரைப் பேச்சை எடுத்தாலே உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் லீவு முடிந்து இன்று அங்கே விமானம் ஏறும் அஃப்ரித்திடம் பெட்டியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தை உங்களால் கட் பண்ண முடியாது.

பெட்டியில் மிளகாய்த்தூள், இரண்டு கைலி, சூஃபியா வரைந்த படம் எல்லாம் இருக்கின்றன. கருவாடும் ஊறுகாயும் இல்லை. உப்பு உங்களுக்கு ஆகாது. ரூமில் எல்லோரும் என்னைத் திட்டட்டும். மாத்திரையும் இல்லை, கொட்டிக் கவிழ்த்துத் தேட வேண்டாம்.

போன வாரம் நீங்கள் டிரெய்லரை விட்டு இறங்கி நின்றதும் கண் இருட்டி விழுந்ததை உங்கள் ரூம் ஸுஹைர் சொல்லிவிட்டார். வீட்டில் சொல்லாதே என்று நீங்கள் கெஞ்சியதையும் சேர்த்தே சொன்னார். அவரைக் கோபிக்காதீர்கள்.

தப்பு என் மேலும்தான். இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் தலைவலியோடு ஊருக்கு வந்தபோது என் அண்ணன் காதர் மைதீன் காக்கா வீட்டு மெஷினில் உங்களுக்குப் பிரஷர் பார்த்தோம். கூடுதலாக இருந்தது. காக்கா தன் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தார், தலைவலி விட்டது. அன்றிலிருந்து காக்காவின் டாக்டர் சீட்டிலேயே உங்களுக்கும் சேர்த்து வாங்கி, ஊரிலிருந்து யார் விமானம் ஏறினாலும் அவர் பெட்டியில் வைத்து அனுப்பினேன். போன மாதம் காக்காவுக்கு டாக்டர் அளவை இரட்டிப்பாக்கியிருக்கிறார். அதே பெயர், அதே அட்டை. ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்க்காமல் அதையே உங்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

நீங்கள் விழுந்தது தெரிந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அங்குள்ள நர்ஸ் ராமலெட்சுமி கமுதிக்காரர், வாய் கொஞ்சம் நீளம். "ஏம்மா, உங்க அண்ணன் கண்ணாடிய வாங்கி உங்க வீட்டுக்காரருக்கு மாட்டி விட்டு லாரி ஓட்டச் சொல்லுவியா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உங்களை நேரில் பார்த்து, ரத்தமும் சிறுநீரும் சோதித்துத்தான் உங்களுக்கான மாத்திரையும் அளவும் முடிவாகுமாம். இப்போது சாப்பிடுவதை நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. அட்டையோடு உடனே அங்குள்ள டாக்டரிடம் போக வேண்டும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையையும் மறைக்காமல் காட்டுங்கள், அதுவே பிரஷரை ஏற்றுமாம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடுவது உங்கள் பழக்கம் என்றதும் டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஸுஹைர் உங்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார். அவரிடம் பேசிவிட்டேன்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் வண்டி ஓட்ட லாயக்கில்லை என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதானே இத்தனை நாள் மறைத்தீர்கள், நானும் கூட்டு நின்றேன். டாக்டரிடம் காட்டினாலே வேலை போய்விடாது என்கிறார் ஸுஹைர். உங்கள் கம்பெனியிலேயே இரண்டு பேர் மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்களாமே. அப்படியே அனுப்பினாலும் அனுப்பட்டும். சூஃபியா உங்களை போன் கண்ணாடிக்குள் இருப்பவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பெட்டியில் மாத்திரை வைக்கும் மூலையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அன்று ராமலெட்சுமி திட்டி முடித்துவிட்டு என் கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றினார். நூற்று அறுபதுக்கு நூறு. மறுநாளும் அதேதான். எனக்கும் மாத்திரை எழுதிவிட்டார்கள், என் பெயர் போட்ட சீட்டில். நோட்டின் முதல் வரியில் என் பிரஷர் அளவை எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரி உங்களுக்கு. கிளினிக்கில் பார்த்ததும் எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள்.

அது வரும்வரை என் மாத்திரையைத் தொடமாட்டேன் என்று மிரட்டத்தான் நினைத்தேன். ராமலெட்சுமிக்குத் தெரிந்தால் வீட்டுக்கே வந்து அடிப்பார். அதனால் காலையில் தவறாமல் போட்டுக்கொள்கிறேன், மச்சான். நம்மில் ஒருவராவது சூஃபியாவுக்கு இருக்க வேண்டும் என்று எண்ணிப் போடுகிறேன். இருவரும் இருக்க வேண்டும் என்பதுதான் என் துஆ.

வேலையோடு வந்தாலும் வேலை இல்லாமல் வந்தாலும், உங்கள் சொந்தக் காலில் இந்த வாசலுக்கு நடந்து வர அல்லாஹ் அருள் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மாஷிதா