பெட்டிக்குள் பார்த்த ஆரஞ்சு

நேற்றுக் காலை ஒரகடம் கூட்டுரோட்டில் இரத்த அழுத்த மாத்திரை வாங்க நின்றிருந்தேன். மருந்துக் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பக்கவாட்டுப் பலகை சிவப்பு. அடியில் கருப்பு. இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்தில் ஓர் ஆரஞ்சுப் பட்டை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. வண்டிக்காரப் பெண் வந்து, "இன்னா தாத்தா, எதுனா உழுந்துடுச்சா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி நகர்ந்தேன். மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது நம் கை வழியாகப் போன நிறம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. இருக்கும்போது சொல்லாததை இப்போது எழுதுவதில் என்ன நியாயம் என்றும் தெரியவில்லை. ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். வரிசையாகச் செய்வது ஒன்றுதான் எனக்கு வரும்.

ஸ்கூட்டர் கம்பெனியின் ஜப்பானியர்கள், நாம் பலகைகளுக்குப் பெயிண்ட் அடித்த தொழிற்சாலைக்கு அந்த மூன்று நிறங்களை அனுப்பிவைத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று சிறு தகடுகள். கூடவே, பஞ்சுத் துணியில் சுற்றி ஒரு மரக் கிண்ணம். ஏதோ ஒரு மரத்தின் பாலை எடுத்து, மேலுக்கு மேல் பூசி, காயவைத்து, தேய்த்து மெருகேற்றியது. வெளியே கருப்பு, உள்ளே சிவப்பு. விளிம்பில், பலர் உதடு பட்டுத் தேய்ந்தது போல ஓர் ஆரஞ்சு. இந்தக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் புது வண்டியின் நிறங்களை முடிவு செய்தார்கள், பிளாஸ்டிக் பலகையில் இதே ஆழம் வரவேண்டும் என்று மேலாளர் சொன்னார். நான் கையுறை போட்டுக்கொண்டு கருவியில் நிறத்தை அளந்தேன். நீங்கள் கிண்ணத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தீர்கள்.

"கருப்புக்கு உள்ள செவப்பு கீது பாரு, வாத்யாரே," என்றீர்கள்.

எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்றேன். ஆரஞ்சுத் தகட்டைக் காட்டி, இதற்கு என்ன கலக்கலாம் என்று கேட்டேன். "இது ஆரஞ்சே இல்ல. செவப்பு களைச்சுப்போயி குந்திக்கினு கீது," என்று சிரித்தீர்கள்.

எதையும் எழுதிவைத்துக்கொண்டே செய்வதால் என்னை வாத்யாரே என்று கூப்பிட்டீர்கள். முதல் வாரத்திலேயே 'நீ' என்றும் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். எனக்குத்தான் கடைசிவரை 'நீங்கள்' மாறவில்லை. நான் வேதியியல் படித்து ஆய்வகப் பொறுப்புக்கு வந்தவன். நீங்கள் வடக்குப்பட்டிலிருந்து ஸ்பிரே துப்பாக்கி பிடிக்க வந்து, கண்ணின் தயவால் நிறம் சேர்ப்பவராக ஆனவர். ஒரு சொட்டு கருப்பு கூடினால் தூரத்திலிருந்தே சொல்வீர்கள். நான் கருவியில் வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் கருவி உங்கள் பக்கமே பேசும்.

இந்த மெருகு நிறங்களில் கருவி தடுமாறியது. பளபளப்பின் ஆழம் அதற்குப் பிடிபடவில்லை. ஆகவே கண்ணால் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும் என்று வாடிக்கையாளரே ஒப்புக்கொண்டார். கண் என்றால் நீங்கள். கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் என் பொறுப்பு.

நிறம் பார்க்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை இப்போதும் கனவில் காண்கிறேன். உள்ளே மேல்புறம் பகல் வெளிச்சத்துக்கென்று ஒரு தனி விளக்கு. வேறு வெளிச்சமானால் பொருந்தாத நிறங்களும் பொருந்துவது போலக் காட்டிவிடும். இத்தனை மணி நேரம் எரிந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அந்த மணிக் கணக்கை நான் ஒரு பதிவேட்டில் எழுதிவந்தேன். ஆரஞ்சுப் பலகைகளின் முதல் தொகுதி, அதாவது முதல் லாட், பார்வைக்கு வரவேண்டிய வாரத்தில் விளக்கின் ஆயுள் முடிந்தது. புதியது வர இன்னும் பத்து நாள் ஆகும் என்று தகவல் வந்தது. விளக்கு இல்லை, லாட்டை நிறுத்துங்கள் என்று மேலாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு முறை அவர் அறை வரை போனேன். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

ஸ்டோரில் ஒரு சாதாரண டியூப்லைட் கிடைத்தது. அதன் அட்டையிலும் பகல் வெளிச்சம் என்றுதான் போட்டிருந்தது. பத்து நாளுக்குத்தானே என்று மாட்டினேன். பதிவேட்டில் 'விளக்கு மாற்றப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

அன்று நீங்கள் பலகையையும் தகட்டையும் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். இடம் மாற்றி வைத்தீர்கள். தலையைச் சாய்த்தீர்கள். பொருந்தித்தான் இருந்தது, நானும் பார்த்தேன். ஆனாலும் உங்களுக்கு ஏதோ உறுத்தியது.

"வெளிய எத்துனு போயி வெய்யில்ல ஒரு தபா பாத்துட்டு வரட்டுமா?"

மூலத் தகடு ஆய்வகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, வெயில் பட்டால் கெட்டுவிடும், நடைமுறையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றேன். அதுவும் உண்மைதான். நீங்கள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தீர்கள். "நீ சொன்னா சரி," என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

எட்டாம் நாள் லாட் முழுவதும் திரும்பி வந்தது. சூரிய வெளிச்சத்தில் சிவப்புக்குப் பக்கத்தில் அந்த ஆரஞ்சு, வேகாத செங்கல் மாதிரி இருந்ததாம். படம் அனுப்பியிருந்தார்கள். அதற்கு மறுநாள் புது விளக்கு வந்து சேர்ந்தது. வந்த விளக்கை மாட்டுவது என் வேலை, மாட்டினேன். கெட்ட எண்ணம் இல்லை என்று எழுதத் தோன்றுகிறது. இருந்ததா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. டியூப்லைட்டைத் துடைத்து ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தேன். பதிவேட்டில் மறுபடியும் 'விளக்கு மாற்றப்பட்டது' என்று எழுதினேன்.

அடுத்த நாள் விசாரணை. மேலாளர் பெட்டியின் விளக்கைப் போட்டு, திரும்பி வந்த பலகையை மூலத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். புது விளக்கின் கீழே வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. கதவருகே நின்ற காண்டிராக்ட் ஆள்கூட உச்சுக்கொட்டினார். "இது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று மேலாளர் கேட்டார். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். நிமிர்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, மறுபடி குனிந்தீர்கள்.

"இப்ப நல்லாத் தெரியுது சார். அன்னிக்கித் தெரியல."

மேலாளர் என் பக்கம் திரும்பி, விளக்கு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது சார், மாற்றியாகிவிட்டது என்றேன். பதிவேடு என் கையில்தான் இருந்தது. ஒன்பது நாள் இடைவெளியில் ஒரே வரி இரண்டு முறை என் கையெழுத்தில் இருந்தது. யாராவது கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் கையெழுத்து ஒழுங்கானது என்பதால் யாரும் பார்ப்பதில்லை.

உங்களைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வலது கண்ணில் புரை இப்போதுதான் தொடங்குகிறது என்று சீட்டு வந்தது. நம் வயதில் அது யாருக்குத்தான் இல்லை? எனக்கும் இருந்தது. ஆனால் அந்தச் சீட்டு எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது, உங்களுக்கும். உங்களைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. ஒரு நாள் கேன்டீனில் பேக்கிங் பையன்கள் நீல மூடியையும் பச்சை மூடியையும் காட்டி, "இது இன்னா கலர் சொல்லு நைனா," என்று கிண்டல் செய்தார்கள். நீங்கள் கோபப்படவில்லை. உண்மையாகவே உற்றுப் பார்த்து, யோசித்துப் பதில் சொன்னீர்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன்.

அந்த வருடக் கடைசியில் நீங்களே நின்றுவிட்டீர்கள்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் மனைவி சொல்லித்தான் தெரியும். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டீர்களாம். சிக்னலில் சிவப்பா ஆரஞ்சா என்று ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் ஓட்டக் கூடாது என்றீர்களாம். தக்காளி பழுத்ததா என்று அவரைக் கேட்டுத்தான் எடுப்பீர்களாம். சேரப்பணஞ்சேரிக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது, கடையில் உங்களை அபிப்பிராயம் கேட்டதற்கு வெளியே போய் நின்றுகொண்டீர்களாம். சந்தேகம் பிறந்ததிலிருந்து என்னோடு இருப்பது. எனக்கு அதோடு வாழப் பழக்கம். உங்களுக்கு அது கிடையாது. நான்தான் கொடுத்தேன்.

ஒரு நாள் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதி, ஷேர் ஆட்டோவில் வடக்குப்பட்டு வரை மனப்பாடம் செய்தேன். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். மெலிந்திருந்தீர்கள். நெஞ்சு வலி வந்து போனதை அன்றுதான் சொன்னீர்கள். நான் தாளை எடுப்பதற்குள் நீங்களே பேச்சை அங்கே கொண்டுபோய்விட்டீர்கள்.

"அன்னிக்கி நீ வெளக்க சரியா வெச்சிருந்ததாலதான் என் கண்ணு கெட்டது தெரிஞ்சுது. இல்லாங்காட்டி இன்னும் எத்தினி லாட்ட பாழாக்கி இருப்பேனோ. உனுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

காபி வந்தது. குடித்தேன். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியது பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் போன செய்தி ஒரு மத்தியானம் வந்தது. நான் வந்தபோது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகள் ஷிப்டிலிருந்து நேரே வந்திருந்தாள். கம்பெனி அட்டை கழுத்திலேயே தொங்கியது. என்னைப் பார்த்ததும் தனியாகக் கூட்டிப்போனாள். ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்கள் கண் வங்கிக்கு போன் செய்யட்டுமா என்று கேட்கிறார்களாம்.

"அப்பாவுக்கு முன்னாடில்லாம் கண்ணு குடுக்கணும்னு ரொம்ப ஆச சார். வேலைய வுட்டப்பறம்தான், கெட்டுப்போன கண்ணு, யாருக்குக் குடுத்து அவங்களயும் கெடுக்கறது, எடுக்காதீங்கன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. நீங்க படிச்சவரு. அப்பாகூடவே இருந்தவரு. இன்னா பண்ணலாம் சொல்லுங்க."

எனக்குத் தெரியும். அவர்கள் எடுப்பது கண்ணின் முன்புறம் இருக்கும் மெல்லிய ஏட்டை மட்டும். புரை இருந்தாலும் தடையில்லை. உங்களுக்கோ அந்தத் தொடக்கப் புரையைத் தவிர ஒரு குறையும் இல்லை. 'அவர் கண் நன்றாகத்தான் இருந்தது, அம்மா' என்று ஐந்து சொல் சொன்னால் போதும். சில மணி நேரத்துக்குள் வந்து எடுத்துப் போயிருப்பார்கள். ஆனால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்றும் எனக்குத் தெரிந்தது. அப்படியானால் அப்பாவை ஏன் சார் மாற்றினார்கள் என்று கேட்பாள். பந்தலில் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளரும் மாலையோடு வந்திருந்தார்.

அவர் சொன்னபடியே செய்துவிடுங்கள் அம்மா என்றேன்.

அவள் தலையாட்டினாள். பையன்களைப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்தாள். பிறகு திரும்பி, "தேங்க்ஸ் சார். எங்களுக்கு ஒண்ணும் புரியல. நல்லவேள நீங்க வந்தீங்க," என்றாள். சாயங்காலம் உங்களைப் புதைத்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

இதைப் படிக்க நீங்கள் இல்லை. அவளிடம் கொடுக்கும் தைரியம் எனக்கு வராது. வரும் என்று எழுதினால் அது பதிவேட்டில் எழுதியது போல இன்னொரு வரியாகிவிடும். வாசலில் உட்கார்ந்து நீங்கள் சொன்ன நன்றியும் பந்தலுக்குப் பின்னால் நின்று உங்கள் மகள் சொன்ன நன்றியும் என்னிடம்தான் இருக்கின்றன.