வாய்க்காலில் பீச்சிய பால்

புரட்டாசி 20, வெள்ளி.

காலையில் அஞ்சலை என்ற நடவுக்காரி, வயிற்றுப்போக்கில் துவண்ட நான்கு மாதக் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புட்டியில் பால்மாவைப் பேருக்குக் கரைத்த தண்ணீர். அவள் ரவிக்கையோ பாலில் நனைந்திருந்தது.

"தாய்ப்பால் ஏன் குடுக்கல?"

"வெயில்ல நட்டுட்டு வர்றேன் டாக்டரம்மா. சூட்டுப்பால் புள்ளைக்கு ஆகாதாமே. வாய்க்கால்ல பீச்சி விட்டுடுவேன்."

படித்தவர்கள் வீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன். பால் வெயிலில் கெடாது என்றேன். யார் சொன்னது என்றும் கேட்டேன்.

"நடவ மேற்பாக்குற பண்ணைக் காரியக்காரருதான். பால்மாவு டப்பாவும் அவரே வாங்கிக் குடுத்தாரு."

"நல்ல மனுசன்," என்றாள் கூட வந்திருந்த மாமியார். "ஆளாளுக்குக் கரையேறிப் பால் குடுத்துக்கிட்டிருந்தா நடவு எப்ப முடியுறது?"

கூலித் தகராறு ஓய்ந்து இப்போதுதான் இவர்களை மறுபடி வயலில் இறங்க விட்டிருக்கிறார்கள். கரையேறுகிறவளின் இடத்துக்கு வெளியூர் ஆள் வந்துவிடும்.

சலைன் ஏற்றிய பிறகு மார்பில் போடச் சொன்னேன். பயந்துகொண்டே போட்டாள். குழந்தை மெல்ல உறிஞ்சியது.

"நடவு நேரத்துல கரையேறிக் குடுக்க விடணும்னு நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களாம்மா?"

பார்க்கலாம் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பழகியதுதான் போலும். குழந்தையை மறு மார்புக்கு மாற்றிக்கொண்டாள்.

நான் சொன்னால் பண்ணையில் யார் கேட்பார்கள்? சொல்லி, இவள் வேலை போனால்?

மாலையில் வார்டுக்குப் போனபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கட்டிலடியில் அந்த டப்பா. ஈரம் படாதபடி மாமியார் அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.