பனியில் பூக்காத மல்லி

தை, வியாழன் இரவு

ஒன்பதாம் வகுப்பு வனிதா மூன்று நாளாக வரவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மல்லித் தோட்டத்தில் பூ எடுக்கப் போய்விடுவது வழக்கம். அப்படித்தான் நினைத்து, வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். இன்று காலை பஸ் ஸ்டாண்டில் மல்லி கேட்டேன். "பனியில ஏது டீச்சர் மல்லி? கனகாம்பரம் தரட்டுமா?" என்றார் பூக்காரம்மா. அப்படியானால் வனிதா பூ எடுக்கப் போகவில்லை.

மதியம் வனிதா வீட்டுக்குப் போனேன். வாசலில் மஞ்சள் பூசிய பந்தக்கால்.

"அவ சித்தி வீட்டுக்குப் போயிருக்கா டீச்சர். செத்த நேரம் உக்காருங்க, காப்பி போடுறேன்" என்றார் அவள் அம்மா. உள்ளறையில் யாரோ இருமினார்கள். வகுப்பில் தினமும் கேட்கிற இருமல்.

பயத்தில் ஒன்றுமே கேட்காமல் வந்துவிட்டேன். சாயங்காலம் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன்.

"கல்யாணம் என்னைக்குன்னு தெரியுமா மேடம்?"

"தெரியாதுங்க."

"அப்ப காலையில ஒம்பது மணிக்கு அந்த வீட்டுக்கு வந்துர்றோம்."

இப்போதுதான் காலண்டரில் தாளைக் கிழித்தேன். நாளை சுபமுகூர்த்தம், காலை ஆறிலிருந்து ஏழரை.

போனைக் கையில் எடுத்துவிட்டேன். இந்த முறை என்றைக்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும்.