முதுகு சொன்ன சாட்சி

1943 ஆகஸ்ட் 9, திங்கள்

கான்வென்ட்டிலிருந்து அனுப்பிய ஐந்தாம் பாரம் பௌதிக விடைத்தாள்களைத் திருத்தி முடித்தேன். ஓடும் வண்டியிலிருந்து குதிப்பவன் ஏன் முன்பக்கமாக விழுகிறான் என்ற கேள்விக்குப் பாதிப் பெண்கள் 'பயத்தினால்' என்று எழுதியிருக்கிறார்கள். பயத்துக்கு மார்க் கிடையாது. கால் தரையில் நின்றுவிடுகிறது, உடல் வண்டியின் வேகத்தோடு போகிறது. இதை எழுத ஒரு வரி போதும்.

இந்த வயதில் இந்தச் சிரமம் எதற்கு என்று அருளப்பன் கேட்டான். ஒரு பஸ்ஸுக்கு முதலாளியாகிவிட்டதால், தாயின் விரலில் சிவப்பு மசி இருப்பது அவனுக்குக் கௌரவக் குறைவாகப் படுகிறது போலும்.

ஆகஸ்ட் 12, வியாழன்

நடந்ததை உடனே எழுதிவிடுகிறேன்.

பசுமலையில் ஒரு சிநேகிதியைப் பார்க்க அருளப்பனின் பஸ்ஸில் போனேன். பெட்ரோல் கிடைக்காத காலம்; கரிவாயுவில் ஓடும் வண்டி. ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கி முன்னால் நடந்தார்கள். புகை தாங்காமல் நான் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு முன் பலகையில் இருந்தேன். திடீரென்று முதுகு சாய்மானத்தில் மோதியது. வெளியே ஒரு கூக்குரல்.

வில்லாபுரத்து ராமக்காள். களையெடுக்கப் போகிறவள், திருமங்கலத்தில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டவள். ஆண்களைப் போல அவளும் நடக்கலாம் என்று படியில் கால் வைத்து இறங்கும்போது விழுந்து, பின்தலை சாலையில் அடிபட்டுவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். விழுங்கவில்லை.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

பரலோக மாதா திருநாள். பூசை முடிந்து வரும்போது சொன்னார்கள், ராமக்காள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாளாம். டிரைவர் கண்ணுச்சாமியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

ஆகஸ்ட் 16, திங்கள்

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். கண்ணுச்சாமி, தான் கியரே போடவில்லை, வண்டி பின்னால் வழுக்கியது, பிரேக் முதல் மிதியில் பிடிக்காமல் அடுத்த மிதியில் பிடித்தது என்கிறானாம். அருளப்பனோ, ஆள் இறங்குவதைப் பாராமல் அவன் வண்டியை எடுத்துவிட்டான் என்கிறான். முன்னால் நடந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நான் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் என் முதுகு பின்னால் மோதியது. நின்ற வண்டி முன்னால் பாய்ந்தால்தான் உள்ளிருப்பவர் பின்னால் சாய்வார். நிலைத்திருப்பதை விடாத குணம் எல்லாப் பொருளுக்கும் உண்டு என்று விளக்கினேன். ஆகவே வண்டி முன்னால் எடுக்கப்பட்டது. அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அருளப்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்காக நான் சொல்லவில்லை. அவனுக்கு எதிராக இருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 21, சனி

கண்ணுச்சாமியின் மனைவி செல்லத்தாய் புழக்கடை வழியாக வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன், அதை மாற்ற என்னால் ஆகாது என்றேன்.

"கரிப்புகைக்குக் கண்ணை மூடியிருந்தேன்னு நீங்கதானே சொன்னீக? அப்புறம் எந்தக் கண்ணால கண்டீக?"

இது கண்ணால் காண்கிற விஷயமல்ல, சாஸ்திரம் என்றேன்.

"அம்புட்டும் படிச்சவுக. அந்த மனுசன் படிக்கலை, வண்டி மட்டுந்தான் ஓட்டுனாரு. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மரியாதை தெரியாதவள்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

தூக்கமில்லை. புழுக்கம்.

செப்டம்பர் 2, வியாழன். திண்டுக்கல்

தங்கை பேரனின் ஞானஸ்நானத்துக்கு வந்திருக்கிறேன். எல்லாரும் உறங்குகிறார்கள். இதை எழுதாமல் எனக்கு உறக்கம் வராது.

மதுரை ஸ்டேஷனில், வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தேன். வெயிலுக்கு ஜன்னலை இறக்கிவிட்டு, கண்ணை மூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகு பலகையில் மோதியது. அதே மோதல், அதே இடம். "புறப்பட்டுவிட்டது" என்றேன்.

எதிரே இருந்த அம்மாள் சிரித்தாள். "எங்க புறப்பட்டுச்சு? பின்னாடி தள்ளிக்கிட்டு வந்து நிப்பாட்டியிருக்கான்."

ஜன்னலைத் தூக்கினேன். என் பக்கத்தில் நின்ற தூண் முன்னால் தள்ளி நின்றது. பெட்டி மெதுவாகப் பின்னால் உருண்டு, சட்டென்று நின்றிருக்கிறது. உருண்டது எனக்குத் தெரியவேயில்லை. நின்றதுதான் தெரிந்தது.

செப்டம்பர் 3, வெள்ளி

உடம்பு வேகத்தை அறிவதில்லை. வேகம் மாறுவதைத்தான் அறிகிறது. நின்ற வண்டி முன்னால் பாய்ந்தாலும் சரி, பின்னால் உருண்ட வண்டி சட்டென்று நின்றாலும் சரி, பலகை என்னை முன்பக்கமாகத்தான் தள்ளுகிறது. முதுகுக்கு இரண்டும் ஒன்றே. இது பாடத்தில் இல்லாததா? இருந்தது. பாதியைத்தான் நான் சொன்னேன். பாதி விடை எழுதிய பெண்ணுக்கு நான் முழு மார்க் போடுவேனா?

அப்படியானால் எனக்குத் தெரிந்தது என்ன? ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமல் ஒரு மனிதனை உள்ளே வைத்துவிட்டேனே.

செப்டம்பர் 5, ஞாயிறு

மதுரைக்குத் திரும்பிவிட்டேன்.

பூசையில் மனம் நிற்கவில்லை. அந்த ஏற்றத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி ஏற்றத்தில் நிற்கும்போது நான் சாய்மானத்தில் அழுந்தியிருந்தேன். என் பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கியது. மோதலுக்குச் சற்று முன் அந்த அழுத்தம் விட்டுப்போயிற்று. முதுகு இலேசாயிற்று, கயிறு அறுந்த கூடைபோல. அதன் பிறகுதான் அடி.

முன்னால் எடுத்த வண்டியில் அழுத்தம் கூடவேண்டும், குறையாது. கட்டவிழ்ந்து சரிவில் உருளும் வண்டியில்தான் பலகையும் நானும் ஒன்றாக இறங்குவோம். அதற்கு என்னைத் தாங்கும் வேலை இராது.

இது நினைவா, இல்லை இப்போது நானே கட்டிக்கொள்வதா? பலமுறை கேட்டுக்கொண்டேன். கட்டுவதானால் மகனுக்குச் சாதகமாக அல்லவா கட்டுவேன்? நினைவுதான். அன்றைக்கே இருந்தது. நான் எழுதவைத்த விடைக்கு அது தேவைப்படவில்லை, விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 7, செவ்வாய்

அருளப்பன் சாப்பிட வந்தான். பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சண்டைக் காலத்துல சாமான் எங்கம்மா கிடைக்குது? கண்ணுச்சாமி சொன்னான். நானும் எழுதிப்போட்டேன், வரலை. வண்டியை நிறுத்திட்டா நாம எதைத் தின்கிறது?"

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கோர்ட்டில் சொல்லப்போவதையும் சொன்னேன்.

"நீங்க சும்மா இருந்தாப் போதும்மா. பொய் சொல்லச் சொல்லலை."

அவன் எழுந்து கை கழுவினான். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. நான் பெத்த பிள்ளை. அவன் முகத்தைப் பார்க்க முடியலை. யாரிடம் போய்ச் சொல்ல?

செப்டம்பர் 8, புதன்

இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். கோர்ட்டிலேயே சொல்லிக்கொள்ளுங்கள் என்று பதில்.

செப்டம்பர் 27, திங்கள்

கோர்ட்டில் உட்கார நாற்காலி கொடுத்தார்கள். நின்றே சொன்னேன்.

சர்க்கார் வக்கீல் சிறுபிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார். அன்று முன்னால் என்றீர்கள், இன்று பின்னால் என்கிறீர்கள், முதுமையில் மறதி இயல்பு என்றார். மறதியல்ல, அன்று என் கணக்கு குறைவு என்றேன். மாஜிஸ்திரேட் விளக்கச் சொன்னார். ஒரு தட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதில் மைக்கூட்டை வைத்து, என் பக்கமாக மெதுவாக இழுத்துச் சட்டென்று நிறுத்திக் காட்டினேன். பிறகு தட்டை எதிர்ப்பக்கமாகச் சட்டென்று தள்ளினேன். இரண்டு தடவையும் மைக்கூடு தட்டில் என் பக்கமாகவே சறுக்கியது. அவர் தாமே ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு முதுகு இலேசானதைச் சொன்னேன். பிரேக்கைப் பற்றி மகன் என்னிடம் ஏதாவது சொன்னதுண்டா என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். அருளப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே ராமக்காளின் புருஷன் சோணைமுத்து சுவரோரம் குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"இம்புட்டு நாளும் அந்தக் கண்ணுச்சாமி குலமே நாசமாப் போகணும்னு மண்ணை வாரித் தூத்துனேன். நீங்க சொன்னதை நம்பித்தானம்மா."

ஆமாம் என்றேன். அவன் தலைப்பாகையை உதறிக்கொண்டு நடந்தான்.

அக்டோபர் 6, புதன்

கண்ணுச்சாமியை விட்டுவிட்டார்கள். பஸ்ஸின் பெர்மிட்டைப் பறித்துவிட்டார்கள். அருளப்பன் மேல் தனி வழக்காம்.

அக்டோபர் 19, செவ்வாய்

அருளப்பன் வரவில்லை. மருமகள் குழம்பு கொடுத்தனுப்பினாள். உப்புக் கூடுதல். சாப்பிட்டேன்.

நவம்பர் 2, செவ்வாய்

கல்லறைத் திருநாள். ஜட்கா பிடித்துப் போனேன். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது.

வருஷந்தோறும் அவன் அப்பா கல்லறையில் அருளப்பன் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவான். ஒன்று அவனுக்கு, ஒன்று குனிய முடியாத எனக்கு. இன்று எனக்கு முன்பே வந்து போயிருக்கிறான். புல்லைப் பிடுங்கி, காற்றுக்குச் செங்கல் நிறுத்தியிருந்தது. மெழுகு அதிகம் உருகவில்லை. சற்று முன்புதான் போயிருக்க வேண்டும்.

இரண்டு எரிந்துகொண்டிருந்தன.

நான் வாங்கிப்போனதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.